அப்பா தூங்கும் வீட்டில் விளையாட்டுக் கம்ப்யூட்டர்

காலை 8 மணி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். இரவு முழுவதும் உருக்காலையின் இரைச்சல். காதில் இன்னும் அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

குளிக்கிறார். நாலு இட்லி சாப்பிடுகிறார். பாயை விரித்துப் படுக்கிறார். வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு சமையல் அறை. அவ்வளவுதான்.

கண் அயரும் நேரம். "உய்ய்ய்ங்!" என்று ஒரு சத்தம்.

பக்கத்து மாவு மில்லா? இல்லை. மகனின் கம்ப்யூட்டர்!

பையனுக்குக் கல்லூரி விடுமுறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். சண்டை சூடு பிடித்தால் பெட்டிக்குள் இருக்கும் பேன்கள் வேகம் எடுக்கின்றன. சண்டை ஓய்ந்தால் அடங்குகின்றன. மறுபடியும் சண்டை. மறுபடியும் "உய்ய்ய்ங்!"

"டேய்! அப்பா தூங்குறாருடா. அந்த மிஷினை நிறுத்து" என்கிறாள் தாய்.

"நான் சத்தமே வைக்கலையேம்மா! ஹெட்போன்தானே போட்டிருக்கேன்?" என்கிறான் மகன்.

அவன் பொய் சொல்லவில்லை. ஹெட்போன் அவன் காதை மூடியிருக்கிறது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்காத ஒரே ஆள் அவன்தான்!

பாக்டரிகள் மூன்று ஷிப்டு ஓடும் ஊர்களில் இது பல வீடுகளின் கதை. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர், காக்களூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பகலில் தூங்கும் தகப்பன்மார் உண்டு. விளையாட்டுக் கம்ப்யூட்டர் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

யார் மீது குற்றம்?

விளையாட ஆசைப்படுவது பிள்ளையின் குற்றம் அல்ல. தூங்க ஆசைப்படுவது தகப்பனின் குற்றமும் அல்ல. குற்றம், கம்ப்யூட்டர் வாங்கிய விதத்தில் இருக்கிறது.

கடைக்குப் போனபோது என்ன கேட்டார்கள்? "எந்தக் கார்டு பெரியது? எதில் லைட் அதிகம் எரியும்?" இவற்றைத்தான் கேட்டார்கள். "எவ்வளவு சத்தம் போடும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. புடவை எடுக்கப் போனால் சாயம் போகுமா என்று பத்து தடவை கேட்கும் குடும்பம் அது!

சத்தம் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தனி அறை உள்ள பணக்காரருக்குச் சத்தம் ஒரு தொல்லையே அல்ல. கதவைச் சாத்திக்கொள்வார். ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுக்குத்தான் சத்தம் இல்லாத மிஷின் முதலில் வேண்டும். விசேஷம் என்னவென்றால், அதற்கு அதிகப் பணம் தேவை இல்லை. பாகங்களைப் பொருத்தம் பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும்.

பகலில் தூங்குகிறவரின் தூக்கம், இரவுத் தூக்கத்தைவிட இலேசானது. சீக்கிரம் கலையும். நேரமும் குறைவு. அரைத் தூக்கத்தோடு எழுந்தவர் அன்று இரவு மறுபடியும் உலைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அல்லது கிரேனுக்குக் கீழே, பிரஸ் மிஷினில் கை வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இது விளையாட்டுக் காரியம் அல்ல.

சட்டத்துக்குத் தெரியாத இரவு

சத்தத்தை அளக்க டெசிபல் என்று ஒரு கணக்கு உண்டு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும்.

மத்திய அரசு 2000-ம் ஆண்டில் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம். தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75, இரவில் 70. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.

ஆனால் இரவு ஷிப்டுக்காரருக்கு இரவு தொடங்குவதே காலை 8 மணிக்கு! அந்த இரவு சட்டத்துக்குத் தெரியாது. வீட்டுக்குள் சத்தம் அளக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல தூக்கம் வேண்டுமானால், படுக்கை அறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் கூறியது. சரியாகப் பொருத்தாத விளையாட்டுக் கம்ப்யூட்டர், பக்கத்தில் இருந்து கேட்டால் 45, 50 டெசிபல் வரை போகும்.

"சீலிங் பேன் சத்தம் போடவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். போடுகிறது. ஆனால் அது ஒரே சீரான சத்தம். காது அதற்குப் பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் ஆளை எழுப்பும். ரெயிலில் தூங்குகிறவர், ரெயில் நின்றதும் விழித்துக்கொள்வது இல்லையா? அது மாதிரி.

சத்தத்தின் தாய் சூடு

கம்ப்யூட்டரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பேன்களில் இருந்து.

பேன் ஏன் சுற்றுகிறது? சூட்டை வெளியேற்ற. சூடு ஏன் வருகிறது? கரண்டினால். கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்டு முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே சத்தத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பேனை அல்ல, வாட்டை!

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் அதிகக் கரண்டு தின்பவை இரண்டு. ஒன்று பிராசஸர். அது மூளை. மற்றொன்று கிராபிக்ஸ் கார்டு. அது படம் வரையும் கை.

என்விடியா கம்பெனி 2023-ல் கொண்டுவந்த ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற கார்டுக்கு 115 வாட்டு போதும். பழைய 60 வாட்டு குண்டு பல்பு இரண்டு எரிகிற சூடு. அதே கம்பெனி 2025-ல் கொண்டுவந்த 5090 கார்டுக்கு 575 வாட்டு வேண்டும். ஏறத்தாழ பத்து குண்டு பல்புகளை ஒரு பெட்டிக்குள் வைத்து எரிப்பதற்குச் சமம்! அந்தச் சூட்டை வெளியே தள்ள பேன்கள் எத்தனை பாடுபட வேண்டும்?

பிராசஸரிலும் இதே கதைதான். 65 வாட்டு வகுப்பைச் சேர்ந்த ஆறு கோர் பிராசஸர்கள் உண்டு. சாதாரண விளையாட்டுக்கு அது தாராளம். இன்டெல் 2023-ல் கொண்டுவந்த ஐ9-14900கே, முழு வேகத்தில் 253 வாட்டு வரை இழுக்கும். படிக்கிற பையனுக்கு அது எதற்கு?

முதலில் திரையைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது வினாடிக்கு 60 தடவை படம் மாற்றும் சாதாரணத் திரையானால், 200 படம் வரையும் கார்டு வாங்கி என்ன பயன்? மீதி 140 படங்களைக் கண் பார்க்கப் போவது இல்லை. கரண்டும் சூடும் சத்தமும்தான் மிச்சம்.

சூட்டை மறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் ஒழிக்க நினைத்தாலும் ஆபத்துதான். அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 1980-ல் ஆப்பிள் 3 என்ற கம்ப்யூட்டரை விற்றது. அதில் பேனே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே சில்லுகள் தளர்ந்து மிஷின் மக்கர் செய்தது. சூடும் ஒரு காரணம் என்றார்கள். "மிஷினைச் சில அங்குலம் தூக்கி, மேஜை மேல் போடுங்கள். சில்லு இடத்தில் உட்கார்ந்துவிடும்" என்று யோசனை சொன்னார்களாம்! அந்த மிஷின் கடைசிவரை தலை எடுக்கவே இல்லை.

பாதி வேகம், பன்னிரண்டு டெசிபல் லாபம்

பேன் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தெரிந்துகொள்வது நல்லது.

பேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகிறது. ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஒரே மாதிரி இரண்டு பேன்களைப் போட்டால் சத்தம் 3 டெசிபல்தான் கூடுகிறது.

ஆகவே வேகமாகச் சுற்றும் ஒரு பேனை எடுத்துவிட்டு, பாதி வேகத்தில் சுற்றும் இரண்டு பேன்களை வைத்தால் என்ன ஆகும்? காற்று ஏறத்தாழ அதே அளவு. சத்தத்தில் 15 குறைந்து, 3 ஏறி, 12 டெசிபல் லாபம்! காதுக்குப் பாதிக்கும் கீழே.

பேன் பெரிதாக இருப்பதும் இப்படித்தான் உதவும். 80 மில்லிமீட்டர் பேன் ஓடியாடித் தள்ளும் காற்றை 140 மில்லிமீட்டர் பேன் நடந்தே தள்ளிவிடும். இந்த வேலையில் பேர் வாங்கிய கம்பெனி ஒன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. நாக்டுவா என்று பெயர். அதன் பேன்கள் காபி நிறத்தில் இருக்கும். லைட் கிடையாது, பளபளப்பு கிடையாது. விலை மட்டும் கூட. அதைத்தான் வாங்க வேண்டும் என்பது இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நாலு முள் பேனாக இருந்தால் போதும். மூன்று முள் பேனிலும் வேகத்தைக் குறைக்கலாம்; ஆனால் எல்லா மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்காது. எப்போதும் ஒரே வேகத்தில் கத்தும் மலிவான லைட் பேன்களை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

பிராசஸர் மேல் உட்காரும் கூலரும் அப்படியே. பெட்டியோடு இலவசமாக வரும் சின்னக் கூலர் வேலை செய்யும், ஆனால் கத்தும். செப்புக் குழாய் வைத்த கோபுரம் போன்ற கூலர் கிடைக்கிறது. கார்டு விலையோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். தண்ணீர்க் கூலர் மீது இளைஞர்களுக்கு ஒரு மோகம். அதில் பேனும் உண்டு, பம்பும் உண்டு. பம்பு நின்றால் எல்லாம் நின்றது. 65 வாட்டு பிராசஸருக்குத் தண்ணீர்க் கூலர் போடுவது, மோர் கடைய மோட்டார் வைப்பது போல!

ஜாதகப் பொருத்தம்

கும்மிடிப்பூண்டியில் இருந்தும் திருவள்ளூரில் இருந்தும் புறநகர் ரெயிலில் சென்டிரல் வந்து, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போவார்கள். கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போன தெரு அது. சந்து முழுக்கக் கடைகள்.

"என்ன தம்பி வேணும்? பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்பார் கடைக்காரர்.

பட்ஜெட்டைச் சொல்வதற்கு முன்னால், கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அதில் பொருத்தம் எழுதியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் கம்ப்யூட்டருக்கு ஐந்தாவது பார்க்க வேண்டாமா?

பிராசஸரும் மதர்போர்டும் முதல் ஜோடி. பிராசஸர் உட்காரும் இடத்துக்கு ஸாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. பிராசஸர்களில் ஏ.எம்.4 என்பது பழையது. 2022-ல் வந்தது ஏ.எம்.5. ஒன்றுக்குச் செய்த பிராசஸர் மற்றொன்றில் உட்காராது. ஸாக்கெட் ஒன்றாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 2018-ல் வந்த பி450 மதர்போர்டில் 2020 கடைசியில் வரத் தொடங்கிய ரைசன் 5000 பிராசஸரை வைத்தால், பயாஸ் என்ற உள் எழுத்தைப் புதுப்பிக்காதவரை திரையில் படமே வராது. "போர்டு செத்துவிட்டது" என்று வீட்டில் அழுவார்கள். போர்டு நன்றாகத்தான் இருக்கும்! கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்வது நல்லது.

ராம் இரண்டாவது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு ஜாதி. வெட்டு இருக்கும் இடம் வேறு வேறு. அழுத்தினால் உடையுமே தவிர நுழையாது. ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே. இன்டெல்லின் 1700 முள் ஸாக்கெட் போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு, அங்கேதான் ஏமாறுவார்கள். 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுவதும் தாறுமாறாக ஏறியது. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர் நிலையங்கள் ராமை வாரிக்கொண்டு போனதே காரணம். ஆகவே வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 ராம் இருந்தால், அதற்கு ஏற்ற போர்டு பார்ப்பதும் புத்திசாலித்தனமே. புதியதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இது நேரம் அல்ல.

கேபினெட் என்ற பெட்டியில் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் காலத்துக் கார்டுகளில் சில ஓர் அடி நீளம். கோபுரக் கூலரின் உயரம் சுமார் 16 சென்டிமீட்டர். பெட்டியின் குறிப்பில் கார்டு நீளமும் கூலர் உயரமும் எவ்வளவு வரை அடங்கும் என்று போட்டிருப்பார்கள். டேப் வைத்து அளந்து பார்த்தாலும் தப்பு இல்லை. கதவு மூடாத பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு!

பவர் சப்ளையில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். கடைத் தெருவில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பணம் மிச்சம் பிடிக்க எல்லோரும் கை வைப்பது இதில்தான். கை வைக்கவே கூடாத இடமும் இதுதான். பிராசஸர், கார்டு இரண்டின் வாட்டையும் கூட்டி, மேலே தாராளமாக இடம் விட்டு வாங்க வேண்டும். தேவைக்கு ஒட்டி வாங்கினால் அது எப்போதும் முழுப் பாரம் சுமக்கும், சுடும், அதன் பேனும் கத்தும். பாதிப் பாரம் சுமப்பது சத்தம் இல்லாமல் இருக்கும். நல்ல வகைகளில், பாரம் குறைவாக இருந்தால் பேன் சுற்றாமலே நின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையில், ஒரு கம்பெனியின் கேபிளை வேறு கம்பெனிப் பெட்டியில் செருகவே கூடாது. முனை ஒன்றுபோலவே இருக்கும். நுழையும். ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறு. சுவிட்சைப் போட்டதும் ஹார்ட் டிஸ்கோ போர்டோ புகைந்துவிடும். பழைய கேபிள்கள் வீட்டில் கிடக்கின்றனவே என்று எடுத்து மாட்டும் சிக்கனம், பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

கரண்டு போகும் ஊருக்கு யு.பி.எஸ். வேண்டும். அதிலும் பொருத்தம் உண்டு. பெட்டி மேல் 600 வி.ஏ. என்று போட்டிருக்கும். அது 600 வாட்டு அல்ல. பெரும்பாலும் 360 வாட்டுதான். பெரிய கார்டு போட்ட கம்ப்யூட்டரை அதில் மாட்டினால், கரண்டு போன மறு நிமிடமே "கீச் கீச்" என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அதுவும் அப்பா தூங்கும் நேரத்தில்தான் கத்தும்.

பழைய கார்டு வாங்குகிறவர்களும் நிறைய. 2022 செப்டம்பரில் ஈதர் என்ற இணையக் காசைக் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறை நின்றது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. சில்லு நன்றாக இருந்தாலும் பேன் பேரிங் தேய்ந்திருக்கும். "கட கட" என்று ஆடும். வாங்குமுன் பேனைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால், பேன் மாற்றும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

திருத்தணி வெயில்

இணையத்தில் கம்ப்யூட்டர் விமர்சனம் செய்யும் வெளிநாட்டார், 20 டிகிரி சுமாரில் குளிரும் அறையில் சோதிக்கிறார்கள். "சத்தமே இல்லை" என்று நற்சாட்சி கொடுக்கிறார்கள்.

அதைக் கேட்டு வாங்கியவர், கத்திரி வெயிலில் திருத்தணிப் பக்கத்து வீட்டில் அதைப் போட்டால்? திருவள்ளூர் மாவட்டத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. வீட்டுக்குள் 35, 36 டிகிரி இருக்கும். பேன் அறைக் காற்றைத்தான் வீசும். அதைவிடக் குளிர்ந்த காற்றுக்கு எங்கே போகும்? அந்த 15 டிகிரி வித்தியாசத்தையும் வேகத்தால்தான் ஈடு கட்ட வேண்டும். அங்கே முனகிய மிஷின் இங்கே அலறும்.

ஆகவே "சைலண்ட்" என்று எழுதி, உள்ளே பஞ்சு ஒட்டி, முன்பக்கத்தை மூடிய பெட்டி குளிர் நாட்டுக்குச் சரி. இந்த ஊருக்குச் சல்லடை முகம் உள்ள பெட்டிதான் நல்லது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி அலங்காரத்துக்குத்தான். கண்ணாடி வழியாகக் காற்று வருமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதிகம் விற்பது என்னவோ கண்ணாடிப் பெட்டிதான்!

தூசி மற்றொரு வில்லன். லாரிகள் ஓடும் சிப்காட் ரோட்டோரத்து வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. சல்லடையில் தூசி அடைத்தால் காற்று குறையும், சத்தம் கூடும். மாதம் ஒரு முறை வலையைக் கழற்றித் தட்ட வேண்டும். ஊதிச் சுத்தம் செய்யும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிலுக்கு அடியிலோ, மூடிய அலமாரியிலோ பெட்டியை வைக்கக் கூடாது.

காசு செலவில்லாத மருந்து

ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது? தூக்கி எறிய முடியுமா? வேண்டாம்.

விளையாட்டின் செட்டிங்கில் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் இடம் உண்டு. திரை 60 என்றால் 60 என்று போட வேண்டும். கார்டின் வேலை குறையும். சூடு குறையும். பேன் அடங்கும். வேகமான கார்டு உள்ள வீடுகளில் இந்த ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

கார்டு இழுக்கும் கரண்டுக்கும் வரம்பு போடலாம். முழு அளவில் 80 சதவீதம் என்று வைத்தால் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. பேனின் சுற்று திடீர் திடீரென ஏறாமல் மெதுவாக ஏறும்படியும் அமைக்கலாம். எல்லாம் பையனே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. எதிரியை எத்தனை விதமாகச் சுடலாம் என்று கற்றவனுக்கு இது பெரிய வித்தையா?

"பேசாமல் விளையாட்டு லேப்டாப் வாங்கிவிட்டால்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. லேப்டாப் என்றாலே சத்தம் இல்லாதது என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. 2011 செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-மந்திரி ஜெயலலிதா, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதே திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அப்படி வந்தது. அது எழுதவும் படிக்கவும் தந்தது. அதிகம் சுடாது. விளையாட்டு லேப்டாப் அப்படி அல்ல. கனத்த சூட்டை மெல்லிய உடம்புக்குள் அடக்கி, உள்ளங்கை அளவு கூட இல்லாத பேன்களால் தள்ளுகிறது. விளையாட்டு நேரத்தில் பெரிய பெட்டியைவிட அதிகமாகக் கத்துவது பெரும்பாலும் அதுதான்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கலாமே என்றால், அங்கேதான் வேடிக்கை. ரிச்சி தெருவில் எந்தக் கம்ப்யூட்டரும் சத்தம் போடாது! ஆட்டோ ஹாரன், மூட்டை தூக்குவோர் கூச்சல், பத்துக் கடைப் பாட்டு. இதற்கு நடுவில் பேன் சத்தம் யார் காதில் விழும்?

சோதனையை வீட்டில்தான் செய்ய வேண்டும். அதுவும் வாங்கிய அன்றே. சாமானை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைக் கடையில் கேட்டுப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரவு தெரு அடங்கிய பிறகு, பெட்டியின் கதவை மூடி, பெரிய விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துச் சத்தம் கணக்கு அல்ல; சூடு ஏறிய பிறகு வருவதுதான் கணக்கு.

பையன் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். அப்பா படுக்கும் பாயில், அப்பா தலை வைக்கும் இடத்தில் தானே தலை வைத்துப் படுத்துக் கேட்க வேண்டும்.

அவனுக்குத் தூக்கம் வந்தால் கம்ப்யூட்டர் தேறியது. வராவிட்டால், மறுநாள் காலை ரெயிலிலேயே பெட்டியோடு கிளம்பிவிடலாம்.